மறைக்கல்வியும் தமிழும்: முத்துக்குளித்துறையிலிருந்து புக்கிட் பாத்தோக் வரை

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், கருங்கல் குன்றுகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடையே அமைந்த புக்கிட் பாத்தோக்கில், பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் பொறுப்பில் ஒரு கத்தோலிக்க ஆலயம் உள்ளது. சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்த அச்சபையினர் 1950களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்து தொடங்கிய பணியின் வழிவந்தது அது. இப்போது நாம் காணும் கட்டடம் 2000களின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. வானதூதர்களின் அன்னை மரியா என்பது ஆலயத்தின் பெயர். பழந்தமிழ்ச் செபநூல்களில் வளர்ந்த முதியவர் ஒருவர் அதனையே 'சம்மனசுக்களின் இராக்கினி' என்பார். புதுச்சேரியில் மக்கள் 'கப்ஸ் கோயில்' என்று அழைக்கும் ஆலயத்துக்கும் இதே பெயர்தான். கப்புச்சின் துறவியரால் வந்தது அந்தக் 'கப்ஸ்'. அவர்களும் பிரான்சிஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே.

இப்பெயரின் வேர் இத்தாலியின் அசிசி நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. 'போர்சியுங்குலா', அதாவது 'சிறு பங்கு', என்று வழங்கிய அவ்விடத்தில்தான் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிசும் அவருடைய முதல் தோழர்களும் கூடி வாழ்ந்தனர். பெரும் பேராலயங்கள் எழுந்த காலத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசக்கூடிய சிறு வட்டத்தில் ஓர் இயக்கம் பிறந்தது. இல்லறத்தாருக்கென அது உருவாக்கிய மூன்றாம் சபை இன்றும் உலகெங்கும் இயங்குகிறது. வயது வந்தோர் தம் நம்பிக்கையைச் சிறு குழுக்களில் கூடிப் பேசிக் கற்றுக்கொள்வதைப் புதிய முறை என்று இக்காலத்தில் சிலர் கருதுகின்றனர். அது புதிதன்று. தமிழரிடையே அதற்கு ஏறத்தாழ 480 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ்மொழியின் வரலாறாகவும் படிக்கலாம் என்பதே நம் கருத்து. மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் கூடியுள்ள இவ்வவையில் இதனைப் பேச எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் அதுவே.

முத்துக்குளித்துறையில் நிகழ்ந்தவற்றிலிருந்து தொடங்குவோம். 1530களின் நடுப்பகுதியில் பரதவ மக்கள் பல்லாயிரவர் குறுகிய காலத்திற்குள் திருமுழுக்குப் பெற்றனர். முத்துக் குளிக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடியதன் விளைவு அது. திருமுழுக்கு நடந்தது, கற்பித்தல் நடக்கவில்லை. 1542இல் அக்கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கண்டது, கிறித்தவர் என்ற பெயரைத் தவிர வேறொன்றும் அறியாத வயது வந்தோரின் பெருங்கூட்டம். அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல நாள் உழைத்து, அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சிறுவர்களைச் சேர்த்தார். கற்ற சிறுவர்கள் வீடு திரும்பித் தாய் தந்தையர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பிள்ளை பெற்றோருக்கு ஆசானாகும் இந்தத் தலைகீழ் வகுப்பறைதான் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றின் முதல் வகுப்பறை.

1544இல் சவேரியார் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் மொழியாசிரியர் எவரும் புறக்கணிக்க முடியாத ஒரு திருத்தம் இருக்கிறது. நம்பிக்கை அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் மக்கள் அதுவரை 'வேணும்' என்று சொல்லிவந்தனர். 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல்; ஆகவே அதனை விடுத்து, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே பயன்படுத்துமாறு அவர் அறிவுறுத்தினார். விரும்புவதற்கும் நம்புவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சமயத்தின் உயிர்நிலை. அந்த வேறுபாடு ஒரு வினைச்சொல்லில் நின்றது. தவறாக மொழிபெயர்த்தவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கடலோரத்துப் பேச்சுத் தமிழில் மனத்தின் இசைவைச் சொல்ல அவர்களுக்கு எளிதில் கிடைத்த சொல் அதுவாக இருந்திருக்கலாம்.

சவேரியார் ஓரிடத்தில் நிலைத்திருந்தவர் அல்லர். அவர் சென்ற பின் ஊரில் எஞ்சி நின்றவர் கணக்கப்பிள்ளை. அவர் குருவல்லர், இல்லறத்தார். செபங்களைக் கற்பித்தல், சாகுந்தறுவாயிலிருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல், திருமணங்களை விசாரித்தல், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டுதல் ஆகியன அவர் பொறுப்பு. போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்று, இவர்களுக்கு ஊதியமாக்கினார் என்பது வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று.

சவேரியாருக்குப் பின் அக்கடற்கரையில் அரை நூற்றாண்டுக்காலம் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் செய்தது இன்னும் ஆழமானது. அவர் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கியது. இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே அச்சிடப்பட்டு நமக்குக் கிடைக்கும் முதல் நூல் அது. 16 பக்கங்களே கொண்டது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களைத் தாண்டிய பெருநூலாக வந்தது. அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் திரட்டிக் கொடுத்தனர்.

தமிழ் அச்சின் தொடக்கம் என்று இந்நூல்களைப் பள்ளிகளில் கற்பிக்கிறோம். அவை எதற்காக அச்சிடப்பட்டன என்பதை அத்துணை அழுத்தமாகக் கூறுவதில்லை. 'கிரீசித்தியானி வணக்கம்' போர்ச்சுக்கீசிய மறைக்கல்வி நூலொன்றைத் தழுவிய வினாவிடை நூல். ஆசான் கேட்கிறார், மாணாக்கன் விடையிறுக்கிறான். சில இடங்களில் மாணாக்கனும் கேட்கிறான். ஒருவர் உரக்கப் படிக்க, படிப்பறியாத பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்டுத் திருப்பிச் சொல்வதற்கு உகந்த வடிவம் அது. எனவே, தமிழில் அச்சேறிய முதல் உரைநடை தனியறையில் அமர்ந்து கண்ணால் படிக்கும் ஒருவருக்காக எழுதப்பட்டதன்று, வட்டமாக அமர்ந்து வாயால் பேசும் வயது வந்தோருக்காக எழுதப்பட்டது. அதன் வாக்கியங்களில் பேச்சின் சாயல் மிகுந்திருப்பதைக் கண்டு இலக்கண நோக்கில் முகஞ்சுளிப்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து மதுரைப் பக்கம் திரும்பினால், 17ஆம் நூற்றாண்டில் தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் டி நோபிலியும், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் நிற்கின்றனர். நோபிலியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி மேற்செல்வோம். 'தம்பிரான்' என்று கடற்கரை அழைத்த கடவுளை உள்நாட்டு மறைபணி 'சர்வேசுரன்' என்று அழைக்கத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. ஒரே சமயத்தாரிடம் ஒரு நூற்றாண்டுக்குள் கடவுளின் பெயரே மாறியது.

வீரமாமுனிவரைத் தமிழுலகம் 'தேம்பாவணி'யாலும் 'சதுரகராதி'யாலும் அறியும். பரமார்த்த குருவின் சீடர்களைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். நம் பொருளுக்கு அவற்றினும் முதன்மையானது, உரைநடையில் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்'. 'வேதியர்' என்பது தமிழில் அந்தணரைக் குறித்துவந்த சொல். கத்தோலிக்கத் தமிழில் சமயத்தை 'வேதம்' என்றே சொன்னார்கள். 'வேதத்தில் சேர்ந்தான்' என்பது வழக்கு. அவ்வேதத்தைக் கற்பிப்பவர் வேதியர், அதாவது உபதேசியார். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை குரு வந்தாலே பெரிது என்றிருந்த அந்நாளில், உழவரையும் நெசவாளரையும் கிறித்தவராக வளர்த்தவர்கள் இந்த வேதியர்களே. அவர்களுக்கு அவர்களுடைய பணியின் மேன்மையையும், அதற்கு வேண்டிய நற்பண்புகளையும் எடுத்துரைக்க எழுந்தது இந்நூல். உயர்ந்த செய்யுள் வல்ல ஒருவர், காப்பியம் பாடிய அதே கையால், ஊர் ஊராய் நடந்து திரியும் இல்லறத்து ஆசிரியர்களுக்காக இத்துணைத் தெளிவான உரைநடையை எழுதினார். கற்பிப்பவரைக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நூலின் அடியில் ஓடுகிறது. ஆசிரியர் பயிற்சி பற்றிப் பேசும் நாம், தமிழில் அதற்கென எழுந்த முன்னோடி நூல்களுள் ஒன்றாக இதனையும் வைத்துப் போற்றவேண்டும். நம் இலக்கிய வரலாற்று நூல்களில் அதற்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்.

பாக்கு நீரிணையைக் கடந்தால், இம்முறையின் வலிமையை உரைத்துப் பார்த்த காலம் ஒன்று தெரியும். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் மறைவாக வந்து சேர்ந்தது 1687இல். இடைப்பட்ட 29 ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலம். அத்தலைமுறையில் நம்பிக்கை வீடுகளுக்குள் வாழ்ந்தது. செபம் சொல்லத் தெரிந்த பெரியவரும், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், கதவடைத்த கூடமுமாக வாழ்ந்தது. வாஸ் அடிகளார் வந்தபின் தனித்தனியே அவிந்துகொண்டிருந்த இவ்விளக்குகளை ஒழுங்குபடுத்தினார். ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியும் பொறுப்பேற்றனர். மூப்பர் நிருவாகத்தைப் பார்த்தார். அண்ணாவி செபத்தையும் கற்பித்தலையும் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் 'அண்ணாவி' என்பது கூத்துப் பழக்குபவருக்கும் திண்ணைப்பள்ளி ஆசிரியருக்கும் வழங்கிய பெயர். கலை, கல்வி, வழிபாடு மூன்றையும் ஒரு சொல் தாங்கியது. பின்னாளில் அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி இவ்வட்டங்களுக்கு உணவிட்டார். வாஸ் அடிகளார் 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் காத்த அண்ணாவிமாருள் பெரும்பாலோர்க்குப் பெயரும் எஞ்சவில்லை.

குருவின்றிச் சமயம் வாழ்ந்த இன்னொரு நாடும் உண்டு. கொரியாவில் கத்தோலிக்கம் நூல்களைப் படித்து விவாதித்த அறிஞர் குழுவிடையே தொடங்கியது. அவர்களுள் ஒருவர் 1784இல் பெய்ஜிங் சென்று திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். அந்நாட்டில் பின்னர் ஆயராகி 1839இல் உயிர்நீத்த இலாரன்ஸ் இம்பேர் என்ற பிரெஞ்சுக் குருவே, 1821இல் சிங்கப்பூருக்கு வந்து இங்கிருந்த சில கத்தோலிக்கரைக் கண்டு சென்றவர். நம் தீவின் கத்தோலிக்க வரலாறு அவ்வருகையிலிருந்தே தொடங்குவதாகக் கூறுவது மரபு.

சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தொடக்கத்தில் தனி ஆலயமில்லை. 1870இல் எழுந்த தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரோடு சேர்ந்தே அவர்களும் வழிபட்டனர். ஓப்பிர் சாலையில் தமிழருக்கென லூர்தன்னை ஆலயத்துக்கு 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1888இல் அது திறக்கப்பட்டது. பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையைச் சேர்ந்த மெனுவிரியே அடிகளார் அதனை முன்னின்று கட்டினார். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நிற்கும் அவ்வாலயம் 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக்கப்பட்டது. தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும், தஞ்சை, திருச்சிப் பக்கங்களிலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் அங்குக் கூடினர். கணக்கப்பிள்ளையின் மரபும், வேதியரின் மரபும், அண்ணாவியின் மரபும் ஓரிடத்தில் சந்தித்தன என்று சொல்வது மிகையாகாது. ஆலயத்தைச் சுற்றிய தெருக்களில் நடந்தே வந்து சேரும் தொலைவில் குடும்பங்கள் வாழ்ந்தவரை, அக்கம்பக்கத்து வட்டமும் தமிழ் வட்டமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

அந்த ஒருமை கலைந்தது குடியிருப்பால். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. நகரின் நடுவே நெருங்கி வாழ்ந்தோர் தீவெங்கும் எழுந்த புதுநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1980களில் புக்கிட் பாத்தோக் அத்தகைய நகராக வளர்ந்தது. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்சவரம்பு வகுக்கப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையிலோ, ஒருவர் எந்த எல்லைக்குள் வசிக்கிறாரோ அந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பது பொதுவிதி. 1970களில் லூர்தன்னை ஆலயமும் தமிழர்க்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறி, சுற்றுவட்டாரத்து மக்கள் அனைவர்க்கும் உரிய பங்கானது. இன்றும் அங்குத் தமிழில் திருப்பலி உண்டு. ஆயினும், புக்கிட் பாத்தோக்கில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று அக்கம்பக்கத்தாரோடு கூட வேண்டுமானால் ஒரு திசையிலும், தமிழில் வழிபட வேண்டுமானால் வேறொரு திசையிலும் செல்ல வேண்டியதாயிற்று.

இக்குடியேற்றமும் திருச்சபையின் பெருமாற்றமும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. வழிபாடு இலத்தீனிலிருந்து மக்கள் மொழிகளுக்கு வந்தது. வயது வந்தோரைப் படிப்படியாகத் திருமுழுக்குக்கு ஆயத்தப்படுத்தும் பழங்காலச் சடங்குமுறை 1972இல் புத்துயிர் பெற்றது. மாதக்கணக்கில் வாராவாரம் கூடிப் பேசி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில் அது நிறைவுறும். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி பற்றி வெளியிட்ட மடலில், வயது வந்தோர்க்கான மறைக்கல்வியே அதன் தலையாய வடிவம் என்று வலியுறுத்தினார். 1990இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு சமூகங்களின் கூட்டுறவாக அமைய வேண்டும் என்றனர். தமிழகத்தில் இச்சமூகங்களுக்கு 'அன்பியம்' என்ற அழகிய பெயர் கிடைத்தது. ஏறத்தாழ இருபது முப்பது குடும்பங்கள் ஓர் அன்பியம். சிங்கப்பூரில் அவை அண்டையயலார் கிறித்தவச் சமூகங்கள் எனும் பொருள்படும் ஆங்கிலப் பெயரில் வளர்ந்தன. மே, அக்டோபர் மாதங்களில் வீடு வீடாகச் செபமாலை, யாரேனும் இறந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவுச் செபம், இடையிடையே நற்செய்திப் பகிர்வு என்று அவற்றின் வாழ்வு செல்கிறது.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தமிழகத்து ஊர்களில் தெருவே பல இடங்களில் சாதியின் எல்லை. தெருவாரியாக அன்பியம் அமைத்தால் அது சாதிவாரியாகவும் அமைந்துவிடும் இடர் உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஆலயத்தினுள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதற்கும் நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. சிறு வட்டம் என்பது அணைத்துக்கொள்ளும் கையாகவும் இருக்கலாம், அடைத்துவிடும் கதவாகவும் இருக்கலாம். புக்கிட் பாத்தோக்கின் புளோக் அவ்வகைத் தெரு அன்று. அங்கே ஒரு வீட்டில் சீனர், எதிர்வீட்டில் தமிழர், மேல்மாடியில் பிலிப்பினோ குடும்பம் என்று அமைகிறது வட்டம். சாதித்தெருவைக் கலைத்த அதே திட்டம் மொழித்தெருவையும் கலைத்தது. முன்னதற்காக மகிழ்ந்துவிட்டுப் பின்னதற்காக மட்டும் வருந்துவது நேர்மையாகாது. எனினும் பின்னதை எண்ணிப் பாராமல் விடுவதும் தகாது.

என்ன நேர்ந்தது? பல இனத்தார் கூடும் வட்டத்தின் மொழி இயல்பாகவே ஆங்கிலம் ஆயிற்று. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் தமிழ் 3.3 விழுக்காடாக இருந்தது. ஆலயம் இப்போக்கை உண்டாக்கவில்லை. தடுக்கும் ஆற்றலும் அதற்கில்லை. ஆனால் வயது வந்தோர் வட்டத்துக்கு மொழிநோக்கில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பள்ளியில் தாய்மொழிப் பாடம் முடிந்தபின், கடையில் பொருள் வாங்கவும் வீட்டில் பாட்டியோடு பேசவும் தமிழ் போதும். மன்னிப்பு, குற்றவுணர்வு, நம்பிக்கை, ஐயம், மரணம் ஆகியவை பற்றி நாற்பது வயதில் ஒருவர் தமிழில் முழு வாக்கியங்களாகப் பேசும் இடங்கள் எத்தனை? வழிபாட்டு வட்டம் அத்தகைய அரிய இடங்களுள் ஒன்று. கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும் இது பொருந்தும்.

சிறு குழுக்களில் பரவலாக வழங்கும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறையை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியாவெங்கும் பரவிய முறை அது. இறைவனை அழைத்துத் தொடங்குவர். ஒரு பகுதியைப் படிப்பர். பிறகு ஒவ்வொருவரும் தம் மனத்தைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ எடுத்து உரக்கச் சொல்வார். அதற்குப்பின் மௌனம். பிறகுதான் பகிர்வும், செயலுக்கான முடிவும், செபமும். மூன்றாம் படியில் யாரும் விளக்கம் கூறலாகாது. சொல்லை மட்டும் சொல்ல வேண்டும். நெடுநாள் தமிழ் கற்பித்தோர் அறிவர்: ஒரு பாட்டிலிருந்து ஒரு சொல்லைத் தேர்ந்து, அதனை வாய்விட்டுச் சொல்லி, சற்று அமைதியாக இருப்பது எத்துணைக் கூரிய வாசிப்பு என்பதை. அச்சொல் எம்மொழியில் இருக்கிறதோ அம்மொழியில்தான் அந்த மௌனமும் நிகழ்கிறது.

இம்முறையைத் தமிழில் நடத்த முனைந்தால் உடனே ஒரு சிக்கல் எழும். அது தமிழைவிட்டு விலகியோரால் வருவதன்று, தமிழுக்குள்ளேயே இருப்பது. எழுபது வயதுப் பெண்மணி 'பூசை' என்பார், 'ஞானஸ்நானம்' என்பார், 'அர்ச்சயசிஷ்ட அந்தோணியார்' என்பார், 'சுவிசேஷம்' என்பார். பொதுச்சங்கத்துக்குப் பின் வந்த தமிழ் இவற்றைத் 'திருப்பலி', 'திருமுழுக்கு', 'புனித அந்தோணியார்', 'நற்செய்தி' என்று மாற்றியது. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொதுமொழிபெயர்ப்பு இம்மாற்றத்தை நிலைபெறச் செய்தது; திண்டிவனத்தில் உள்ள விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அப்பணியின் நாற்றங்கால். தமிழகத்தில் இப்புதுச்சொற்கள் ஞாயிறுதோறும் காதில் விழுந்து பழகிவிட்டன. சிங்கப்பூரில், தமிழ்த் திருப்பலிக்கு ஆண்டில் சிலமுறையே செல்லும் நடுவயதினருக்கோ, பாட்டியின் சொல்லும் பாதி நினைவு, புதுச்சொல்லும் பாதி நினைவு. முழுதாகத் தெரிந்தது ஆங்கிலச் சொல்லே. 'வேணும்' என்பதை மாற்றச் சொன்ன சவேரியாரின் இடர் இங்கே வேறுருவில் மீண்டும் வருகிறது.

புதுச்சொல்லே சரி என்று அடித்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. தனித்தமிழாக்கத்தால் 'திருமுழுக்கு' போன்ற தெளிவான சொற்கள் கிடைத்தன. சிறுபிள்ளையும் அதன் பொருளை உடைத்துப் பார்க்கலாம். ஆனால் 'பூசை' என்ற சொல்லைக் கைவிட்டதால், அடுத்த வீட்டு இந்துத் தமிழரோடு பகிர்ந்துகொண்ட சொல்லொன்றும் போயிற்று. பாட்டிக்குச் செபம் உயிர்ப்பது 'அர்ச்சயசிஷ்ட' என்ற கரடுமுரடான ஒலியில்தான் என்றால், அவரை வட்டத்திலிருந்து திருத்தி அனுப்புவது கற்பித்தல் ஆகாது. நல்ல அண்ணாவி இரண்டையும் அறிந்திருந்து, ஒன்றை மற்றொன்றால் விளக்குவார். அத்தகையோரை உருவாக்கும் பயிற்சியே இன்று அரிதாக உள்ளது. மறைக்கல்வி அளிப்பவருக்கு ஆங்கிலத்தில் நூல்களும் காணொளிகளும் குவிந்துள்ளன. சிங்கப்பூர் வாழ்வைக் களமாகக் கொண்டு, வயது வந்த தமிழரை நோக்கி, வீரமாமுனிவரைப்போல் எளிய உரைநடையில் எழுதப்படும் வினாவிடைகள் வேண்டும். அந்த வினாக்கள் 1579இன் வினாக்களாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஓய்வுநாள் தருவது பற்றியும், முதிய பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது பற்றியும், கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்த மொழியில் செபம் கற்பிப்பது என்பது பற்றியும் அவை இருக்கலாம்.

தமிழ் வட்டம் வேறாக இருப்பது பங்கின் ஒற்றுமையைக் குலைக்கும் என்போரும் உளர். அவர்கள் அச்சத்தில் நியாயமில்லாமல் இல்லை. வடக்கன்குளத்துச் சுவரை நாமே மேலே நினைவுகூர்ந்தோம். ஆனால் மாதத்தில் மூன்று கூட்டம் அண்டையாரோடு ஆங்கிலத்திலும், ஒரு கூட்டம் பல பங்குகளின் தமிழரோடு தமிழிலும் என்று ஒருவர் இரு வட்டங்களில் இருப்பதற்குத் தடையொன்றும் இல்லை. யாழ்ப்பாணத்து அண்ணாவி கூத்துக் கொட்டகையிலும் செபக்கூடத்திலும் நின்றவரே.

இதற்கு வேண்டிய ஆட்கள் எங்கே என்று கேட்போருக்கு ஒரு செய்தி. அண்மைப் பத்தாண்டுகளில் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தோருள், கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் உழைப்போர் முதல் கணினித்துறையினர் வரை, ஊரில் அன்பியத்தில் வளர்ந்தவர்கள் இருக்கின்றனர். ஏழு படிகளையும் தமிழில் நடத்தியவர்களும், 'திருவிவிலியம்' நூலின் சொற்களைத் தடுமாறாமல் படிப்பவர்களும் அவர்களுள் உண்டு. தொழிலாளர் விடுதிகள் பல தீவின் மேற்கில்தான் உள்ளன. அங்கிருந்து ஓப்பிர் சாலையைவிடப் புக்கிட் பாத்தோக் அருகில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் விடுப்பில் அவர்கள் தமிழ் கேட்கப் பேருந்திலும் ரயிலிலும் நகருக்குச் செல்கின்றனர். அதே வேளையில், இங்கே பிறந்து வளர்ந்த தமிழர் சிலர், தம் பாட்டி விட்டுச்சென்ற செபநூலின் ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.